பூக்களின் நெருக்கப் படங்களுக்கு ஃபைவ்-இன்-ஒன் ரிஃப்ளெக்டர்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

புதுச்சேரி வெயிலில் பூக்களை நெருக்கத்தில் படமெடுப்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 80 செ.மீ. ஃபைவ்-இன்-ஒன் ரிஃப்ளெக்டரை (ஒளியைத் திருப்பவோ மென்மையாக்கவோ உதவும், ஐந்து பரப்புகள் கொண்ட மடக்குத் துணி வளையம்), 100 மி.மீ. மேக்ரோ லென்ஸுடன் இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். அதன் ஐந்து பரப்புகளில் உண்மையாக உழைத்தது, உள்ளே இருக்கும் ஒளி ஊடுருவும் வெள்ளைத் துணிதான். தங்க நிறப் பரப்பு வெள்ளைப் பூக்களை மஞ்சளாக்கிவிடுவதால் அதை நான் தொடுவதே இல்லை.

வெள்ளைத் துணியைப் பூவுக்கு ஓரடிக்குள் பிடித்தால், வெயிலில் வெளிறிப்போகும் நந்தியாவட்டை இதழின் மெல்லிய மடிப்புகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் அது பூவின் மீது விழும் ஒளியை ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைக்கிறது; பின்னணி வெயிலிலேயே இருந்தால், பூவுக்கேற்ப எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) கூட்டும்போது பின்னணியும் அதே அளவுக்குக் கூடிக் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே நான் முதலில் தேடுவது பூவையன்று, அதன் பின்னே விழும் நிழலைத்தான். 1826இல் அமைக்கப்பட்ட நமது தாவரவியல் பூங்காவில் முதிர்ந்த மரங்களின் நிழல் தாராளமாகக் கிடைக்கிறது. லென்ஸை நான்கு விரற்கடை நகர்த்தினாலே பளிச்சிடும் பின்னணி விலகி, கரும்பச்சை நிழல் வந்து அமைந்துவிடும்.

நமது மாநில மலரான நாகலிங்கப் பூவுக்கு இந்த வழி போதாது. அது அடிமரத்தை ஒட்டியே பூப்பதால், அபர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) எவ்வளவு திறந்தாலும் பட்டையின் சொரசொரப்பு முழுவதும் மறைவதில்லை. திறந்தால் பூவின் ஆழமும் ஃபோகஸில் நிற்காது. அங்கே துணியைப் பக்கவாட்டில் நிறுத்தி, அதன் வழியே ஃப்ளாஷைச் செலுத்துகிறேன். ஒளி புறப்படும் இடத்திலிருந்து பூ 20 செ.மீ., மரம் 60 செ.மீ. தொலைவில் இருந்தால், மரத்துக்குச் சேர்வது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான், அதாவது மூன்று ஸ்டாப் குறைவு. அபர்ச்சரை எஃப் 11 எனச் சுருக்கி, ஷட்டரை 1/200 விநாடி என வைத்துச் சுற்றொளியையும் அடக்கினால், பட்டை இருளில் அமிழ்ந்து இளஞ்சிவப்பு இதழ்கள் மட்டும் எழுந்து நிற்கும். இந்த ஒரு பயனுக்காகவே கொடுத்த விலை தகும் என்பேன்.

குறைகளும் உண்டு. கடற்காற்று எழுந்தபின் இந்த அளவுத் துணி பாய்மரம் போல இழுக்கும். ஒற்றைக் கையால் பிடிக்க இயலாது. உப்புக்காற்றில் எஃகு வளையத்தின் துரு தையலோரம் கறையாக இறங்கியிருக்கிறது. துணையின்றிப் படமெடுப்பவர்கள் 60 செ.மீ. அளவை வாங்குவது நல்லது. ஒரு பூவுக்கு அதுவே போதும்.