காதர்பேட்டை கடைக்கு எழுதி வாங்குன பில்லிங் சாப்ட்வேர் எப்படி இருக்குதுங்க

திருப்பூர் காதர்பேட்டைல எங்களுக்கு ரெடிமேட் ஹோல்சேல் கடைங்க, சில்லறையும் உண்டு. பழைய பில்லிங் சாப்ட்வேர தூக்கிப்போட்டு உள்ளூர் சின்ன டீம் ஒன்னுகிட்ட புதுசா எழுதி வாங்குனோம். வாங்கலாமான்னு நொம்ப பேரு கேக்கறீங்க. தாராளமா வாங்கலாம்.

பழசு ஏன் போச்சுன்னா, 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாறுச்சுல்ல, அதுவரைக்கும் துணிமணிக்கு பீஸ் 1000 ரூபா வரை 5 சதவீதம், மேல போனா 12, இப்ப 2500 வரை 5, தாண்டுனா 18. பழசுல இந்தக் கணக்க கவுண்டர் ஸ்கிரீனுக்குள்ள ஒருக்கா, பில் பிரிண்ட்ல ஒருக்கா, மாச ரிப்போர்ட்ல ஒருக்கான்னு தனித்தனியா எழுதி வெச்சிருந்தாங்க, அதுல ஸ்கிரீன மட்டும் மாத்திப்போட்டு ரிப்போர்ட்ட விட்டுட்டாங்க, பில்லுல ஒரு வரி ஆடிட்டருக்குப் போறதுல வேற வரின்னு ஒட்டுக்கா கொழம்பிப்போச்சுங்க.

புதுசுல அந்த வேலையே இல்ல. பனியன் கம்பெனில கட்டிங், பவர்டேபிள்ல தையல், செக்கிங் தனித்தனியா நடக்கற மாதிரி பிரிச்சு எழுதியிருக்காங்க. சரக்கு, ரேட்டு, வரிக் கணக்கு எல்லாம் மாடல்ங்கற பகுதில. கவுண்டர் ஸ்கிரீன், தெர்மல் பில், ஏ4 இன்வாய்ஸ் இதெல்லாம் வியூ, காட்டறதோட சரி, எதையும் கணக்கு போடாது. பார்கோடு ஸ்கேன் பண்ணாலோ பட்டன அமுக்குனாலோ அத வாங்கி மாடல்கிட்ட சொல்றது கன்ட்ரோலர். 1979-ல ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் (PARC) ஆராய்ச்சிக்கூடத்துல இருந்தப்ப ட்ரிக்வே ரீன்ஸ்காக்ங்கற நார்வேக்காரர் யோசிச்ச முறைங்க இது, இன்னைக்கும் ஒரு பில்லிங் கவுண்டர காப்பாத்துது.

எனக்கு ரொம்பப் புடிச்சது வரி ரேட்ட எந்தத் தேதில இருந்துன்னு தேதியோட ஒரே டேபிள்ல வெச்சது. 1400 ரூபா சட்டை, இப்ப வித்தா 5 போடுது, அதே சட்டை பழைய பில்லோட ரிட்டர்ன் வந்தா அந்த பில்லுல இருந்த 12-லயே கழிக்குது, கவுண்டர்ல இருக்கற புள்ளைங்க யோசிக்கவே வேண்டியதில்ல. பொறவு தெர்மல் பில்லுல தமிழ் எழுத்து பெருசா வேணும்னு கேட்டோம், பில் வடிவத்த மட்டும் தொட்டாங்க, கணக்குல ஒரு பைசா நகரல.

கொறையும் சொல்லோணும். ஓனர் பாக்கற மொபைல் ஆப்ல மட்டும் அவசரத்துல எழுதுன மாதிரி தெரியுது. தள்ளுபடி எவ்வளவு வரை குடுக்கலாங்கற கட்டுப்பாட்ட அந்த ஸ்கிரீனுக்குள்ளயே வெச்சுட்டாங்க, அதனால ஆப்ல தடுக்குது, கவுண்டர்ல அதே தள்ளுபடி போட்டா பில் ஓடுது. இது மாடல்ல இருக்கவேண்டிய விதிங்க, நாளைக்கு வெப்சைட் வழியா ஆர்டர் எடுத்தா அங்கயும் ஓட்டையாத்தான் இருக்கும். டீம்கிட்ட சொல்லியாச்சு, அடுத்த அப்டேட்ல மாத்தித் தர்றோம்னாங்க.

வாங்கப்போறவங்க டெமோல ஒன்னு மட்டும் கேளுங்க, வரி ரேட்ட ஒரு எடத்துல மாத்தச் சொல்லி ஸ்கிரீன், பில், ரிப்போர்ட் மூணும் ஒன்னாக் காட்டுதான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. இப்போதைக்கு அஞ்சுக்கு நாலு, தள்ளுபடிய சரி பண்ணிட்டாங்கன்னா அஞ்சும் போட்டுருவேன்.