டிரைபாட், டிராக்கர், ஸ்மார்ட் தொலைநோக்கி: வான்படக்கலைக்கு எது முதலில்?

பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அசையாத கேமராவில் நட்சத்திரங்கள் சில விநாடிகளிலேயே கோடாக நீளத் தொடங்கிவிடுகின்றன. வான்படக்கலையில் புதிதாக இறங்குபவர் முன்னுள்ள மூன்று வழிகளும் இந்தச் சுழற்சியை எதிர்கொள்ளும் விதத்தில்தான் வேறுபடுகின்றன.

டிரைபாடில் பொருத்திய கேமரா, கோடு விழுவதற்குள் படத்தை முடித்துக்கொள்கிறது. 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் வரும் விநாடிகளே பெரிய சென்சாருள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு வரம்பு என்பது பழைய கணக்கு, 50 மி.மீ. லென்ஸுக்கு 10 விநாடி. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் அது ஏறக்குறைய 6 விநாடியாகக் குறையும். இத்தகைய 100 படங்களை டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினால், பொருளின் ஒளியோடு ஒப்பிடுகையில், படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிறது. கேமரா ஏற்கெனவே கையிலிருப்பவர் வேறெதையும் வாங்குமுன் இதைச் செய்து பார்ப்பதே சரி என்பேன். ஏனெனில் இங்கே கற்கும் ஃபோகஸும் அடுக்கும் முறையும் பின்னர் வரும் எந்தக் கருவிக்கும் பயன்படும்.

ஸ்கை-வாட்சர் நிறுவனத்தின் ஸ்டார் அட்வென்ச்சரர் போன்ற டிராக்கர், கேமராவைப் பூமியின் சுழற்சிக்கு எதிராக அதே வேகத்தில் திருப்புவதால், அதே 50 மி.மீ. லென்ஸில் 2 நிமிடப் படங்கள் சாத்தியமாகின்றன. ஆனால் அதன் அச்சு வானின் துருவத்தை நோக்கியிருக்க வேண்டும். அந்த இடத்தைக் காட்டும் துருவ நட்சத்திரத்தின் உயரம் பார்ப்பவரின் அட்சரேகைக்கு ஏறத்தாழச் சமம். லண்டனில் 51 பாகை உயரத்தில் நிற்கும் அது, சென்னையில் 13 பாகையிலும் கன்னியாகுமரியில் 8 பாகையிலும் இறங்கி, அடிவானப் புழுதியிலோ பக்கத்துக் கட்டடத்தின் பின்னாலோ மறைந்துவிடுகிறது. வடக்கே திறந்த வெளி கிடைக்காத தமிழ்நாட்டு ஆர்வலர் டிராக்கருக்குப் பணம் செலவிடுமுன் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

இசட்டபிள்யூஓ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கிக்குத் துருவ நட்சத்திரம் தேவையில்லை. 250 மி.மீ. குவியத்தூரமுள்ள இக்கருவி, எடுத்த படத்திலுள்ள நட்சத்திரங்களைக் கொண்டு தானே திசையறிந்து, 10 விநாடிப் படங்களை அடுக்கித் தருகிறது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் அனுமதித்து நகர விளக்கொளியைப் பெரும்பாலும் தடுக்கும் வடிகட்டி உள்ளேயே இருப்பதால், நகரத்து மொட்டைமாடியிலிருந்தும் ஓரியன் நெபுலா என்னும் ஒளிரும் வாயு மேகம் நன்றாகப் பதிகிறது. நகரை விட்டு வெளியேற இயலாதவருக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆயினும் அதன் பார்வைப்பரப்பு ஏறக்குறைய 1.3 பாகைக்கு 0.7 பாகைதான். மூன்று பாகை அகலமுள்ள ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் ஒரே படச்சட்டத்தில் அடங்காது; பால்வீதியின் வளைவு முழுவதையும் பிடிக்க விரும்புபவருக்கு டிரைபாடும் அகலக்கோண லென்ஸுமே வழி.