மெஷின் நல்லது, அடிநூல்தான் வதை: முன்பக்க பாபினோடு குயில்ட் தைத்த அனுபவம்

பழுது பார்க்கப் போயிருந்த தையல் மெஷின் இந்த வாரம் வீடு திரும்பியது. அதே வாரத்தில் தோழி ஒருவர், "உங்களிடம் இருக்கும் மாடலுக்கு விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா? படுக்கை அளவுக்கு ஒரு குயில்ட் தைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை" என்று கேட்டிருக்கிறார். நல்ல மெஷின்தான் என்று ஒரு வரியில் பதில் எழுதத் தொடங்கினேன். கை அதற்கு மேல் ஓடவில்லை. நல்ல மெஷின் என்பதும் உண்மை, குயில்ட் எனும் மூன்றடுக்கு ஒட்டுத்துணிப் போர்வையைத் தைக்கும்போது இது என்னைப் படுத்தும் பாடும் உண்மை.

எத்தனை வகைத் தையல் போடும், எவ்வளவு வேகமாக ஓடும் என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. உலோகச் சட்டம், நேர்த்தையல், ஜிக்ஜாக், கூடவே சில அலங்காரத் தையல்கள், அடிநூல் சுற்றிய பாபினை அதன் கூடான கேஸில் வைத்து முன்பக்கத்திலிருந்து செருகும் அமைப்பு. இவ்வளவு தெரிந்தால் போதும். தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் குறை இந்த அமைப்போடு பிறந்தது. வேறு பெயர் ஒட்டிய மெஷினை வாங்கினாலும் கூடவே வரும்.

என் முறையீடு ஒன்றே ஒன்று. அடிநூல் தீரப்போகிறது என்பதை இந்த மெஷின் எந்த விதத்திலும் காட்டிக்கொடுக்காது. தீர்ந்த பிறகு வேறு பாபின் மாற்றவும் எளிதில் இடம் தராது.

உடை தைப்பவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. தோள் தையல், பக்கத் தையல், ஓர மடிப்பு என்று அவர்களுடைய வேலை சிறு சிறு ஓட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் துணியைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். ஒட்டுத்துணிச் சதுரங்களை இணைக்கும்போதும் அப்படித்தான். அடிநூல் இல்லையென்றால் இரண்டு சதுரங்களும் தனித்தனியாகக் கையோடு வந்துவிடும். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி என மூன்றையும் சேர்த்துத் தைக்கும் கட்டத்தில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. ஒரு வரியே இரண்டு மீட்டர் ஓடும். மேல்நூல் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். ஊசி ஏறி இறங்கும், ஊசிக்குக் கீழே உள்ள பற்கள் துணியை நகர்த்தும், மோட்டாரின் ஓசையில் மாற்றம் இராது. மெத்தென்ற பரப்பில் மேல்நூல் படிந்து கிடப்பதால் தையல் விழுந்தது போலவே தெரியும். வரியின் கடைசிக்கு வந்து துணியைத் திருப்பினால், பாதி தூரத்துக்கு அப்பால் அடியில் நூலே இருக்காது. மேல்நூலைப் பிடித்து இழுத்தால் அப்படியே உருவிக்கொண்டு வரும். மிஞ்சுவது ஊசித் துளைகளின் வரிசை. சாதாரணப் பருத்தித் துணியில் அவை ஒரு துவைப்பில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பாட்டிக் போன்ற நெருக்கமான நெசவில் நெடுநாள் தெரியும்.

எவ்வளவு நூல் செல்லும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள குயில்ட்டில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு வரி என்று நீளவாக்கில் மட்டும் தைத்தால் ஏறக்குறைய 30 வரிகள், அதாவது 60 மீட்டர் தையல். குறுக்குவாக்கிலும் அதே இடைவெளியில் தைத்தால் இன்னொரு 60 மீட்டர். நூல் அதைவிடச் சற்று அதிகமாகவே செல்லும், ஏனென்றால் ஒவ்வொரு தையலிலும் அடிநூல் பஞ்சுக்குள் ஏறி மேல்நூலைப் பிடித்துத் திரும்ப வேண்டும். நெருக்கமாகத் தைக்க விரும்புகிறவர் இடைவெளியைப் பாதியாக்கினால் எல்லாம் இரட்டிப்பு. பாபினோ 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை.

அது சிறியதாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்ற மெஷின் போட்டதும் பூட்டுத் தையல்தான், இன்றைய வீட்டு மெஷின்கள் போடுவதும் அதேதான். ஊசி கீழே கொண்டுவரும் மேல்நூலின் வளையத்தைக் கொக்கி பிடித்து விரித்து, பாபின் கேஸைச் சுற்றி முழுதாகக் கொண்டுபோகிறது. அப்படித்தான் இரண்டு நூல்களும் பின்னிக்கொள்கின்றன. பாபின் பெரிதானால் அந்த வளையமும் பெரிதாக வேண்டும், ஒவ்வொரு தையலுக்கும் அவ்வளவு நூலும் ஊசிக் கண் வழியே போய்த் திரும்ப வேண்டும். ஆகவே அளவைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். அதை ஒளித்து வைத்திருக்கும் இடத்தைப் பற்றித்தான் என் கோபம்.

குயில்ட் தைக்க மெஷினைச் சுற்றி விரிவுப் பலகை பொருத்தியே ஆக வேண்டும். பொருத்தாவிட்டால் துணியின் கனம் பக்கவாட்டில் தொங்கி இழுக்கும், ஊசி வளையும், தையல் நீளம் இடத்துக்கு இடம் மாறும். அந்தப் பலகை, பாபின் இருக்கும் கதவை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. ஆகவே அடிநூல் தீர்ந்தால், ஊசியையும் பாதத்தையும் தூக்கி, நூலை வெட்டி, மெஷினின் கைக்கு அடியில் சுருட்டிச் செருகியிருக்கும் குயில்ட் முழுவதையும் வெளியே உருவ வேண்டும். மூன்றடுக்கையும் பிடித்துவைக்கக் குத்திய சேஃப்டி பின்கள் போகிற போக்கில் பலகையின் விளிம்பில் மாட்டும். பிறகு பலகையை இடப்பக்கம் இழுத்துக் கழற்றி, கதவைத் திறந்து, தாழைப் பிடித்துக் கேஸை வெளியே எடுத்து, புது பாபினைப் போட்டு, நூலைப் பிளவின் வழியே இழுத்துத் தகட்டு வில்லுக்கு அடியில் கொண்டுவர வேண்டும். கேஸின் விரல் மேல்நோக்கி இருக்கும்படி உள்ளே செருகி, டக்கென்ற ஓசை கேட்கும்வரை அழுத்த வேண்டும். மறுபடியும் பலகை. மறுபடியும் குயில்ட்டைச் சுருட்டி உள்ளே தள்ளுதல், விட்ட இடத்தைத் தேடுதல், ஊசியைக் கையால் சுழற்றி அதே துளையில் இறக்குதல். இத்தனைக்கும் பிறகு, நூல் முனைகளைக் கையூசியில் கோத்துப் பஞ்சுக்குள் புதைக்கும் வேலை பாக்கி இருக்கும்.

என்னால் மன்னிக்க முடியாதது இதுதான்: அந்த விரிவுப் பலகை வேறு யாரோ செய்தது அல்ல. இந்த மெஷினுக்கென்றே இதைச் செய்தவர்கள் செய்து, "குயில்ட் தைக்க ஏற்றது" என்று எழுதிக் கூடவே கொடுத்த பலகை. பாபின் கதவுக்கு நேரே கீல் வைத்த ஒரு சிறு மூடி இருந்திருந்தால் மேலே சொன்ன வேலையில் பாதி மிச்சமாகியிருக்கும். இதை வடிவமைத்தவர்கள் ஒரு முழுக் குயில்ட்டை இதில் தைத்துப் பார்த்திருந்தால் அந்த மூடி கட்டாயம் இருந்திருக்கும். தைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் முடிவு, அதை யாரும் மாற்ற முடியாது.

பழுதும் அதே வட்டாரத்தில்தான் வந்தது. பல தையல்கள் ஒன்றுகூடும் தடித்த மூலை ஒன்றில் ஊசி வளைந்து கொக்கியில் இடித்தது. அன்றிலிருந்து தையல் விட்டுவிட்டு விழுந்தது. மெக்கானிக் கொக்கியின் ஓட்டத்தை ஊசியோடு பொருத்திச் சரிசெய்து கொடுத்தார். ஊசி அடிமட்டத்தைத் தொட்டுச் சற்றே மேலேறும் கணத்தில், கொக்கியின் நுனி ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலாகக் கடக்க வேண்டும். அப்போதுதான் வளையம் பிடிபடும். அந்தச் சிறு தூரம் பிசகினால் எவ்வளவு விலை உயர்ந்த நூலைக் கோத்தாலும் பயனில்லை.

அங்கே அவர் மெஷினைத் திறந்து காட்டியபோது என் கோபம் கொஞ்சம் இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு நெம்புகளை விலக்கினால் கொக்கியைப் பிடித்திருக்கும் வளையம் கழன்றுவிடுகிறது, கொக்கி கையோடு வெளியே வந்துவிடுகிறது. ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை. கொக்கி ஓடும் தடத்தைத் தூரிகையால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடிவிடலாம். பஞ்சு விரிப்போடு வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன வசதி அல்ல. அந்தப் பஞ்சின் தூசு நுழையாத இடம் கிடையாது. துடைக்காமல் விட்டால் பற்களுக்கு இடையே கம்பளம் போல் படிந்துவிடும்.

தையலின் தரத்துக்கு வருகிறேன். இதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கேஸில் உள்ள சிறு திருகை இம்மியளவு திருப்பினாலே அடிநூலின் இறுக்கம் மாறுகிறது. மேலேயும் கீழேயும் ஒரே மாதிரியான, முடிச்சு வெளியே தெரியாத தையல் கிடைக்கிறது. ஒட்டுத்துணி வேலையில் எல்லாரும் பின்பற்றும், கால் அங்குலம் ஓரம் விட்டுப் போடும் தையலை இது வரியெங்கும் பிசகாமல் காக்கிறது. 12 சதுரங்கள் சேர்ந்த வரிசையில் 11 தையல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விழுங்கினால் வரிசை 11 மில்லிமீட்டர் குறைந்துபோகும், அடுத்த வரிசையோடு மூலைகள் பொருந்தாது. கனத்த உலோக உடல் என்பதால் வேகமாக ஓட்டினாலும் மேசையில் நகர்வதில்லை, அதனால் கோடும் அலைவதில்லை. பை, மெத்தை உறை, சுவரில் மாட்டும் சிறு ஒட்டுத்துணி ஓவியம், வெட்டி ஒட்டிய பூக்களின் விளிம்பில் நெருக்கமான ஜிக்ஜாக் என எதைக் கொடுத்தாலும் அழகாகச் செய்கிறது. தைத்து முடித்த துண்டை இஸ்திரி போட்டு விரித்துப் பார்க்கும்போது, மூலைகள் எல்லாம் புள்ளி வைத்தாற்போல் சந்திப்பதைக் காண்பதில் எனக்கு இன்றும் ஆசை தீரவில்லை.

வாக்கிங் ஃபுட் என்ற தனிப் பாதமும் இதில் நன்றாகவே உழைக்கிறது. ஆலன் வில்சன் 1854-இல் காப்புரிமை பெற்ற நான்கு அசைவு முறைப்படி, பற்கள் எழுந்து, துணியைத் தள்ளி, தாழ்ந்து, பின்வாங்குகின்றன. அவை தொடுவது அடித்துணியை மட்டும்தான். மேல்துணி பின்தங்கும், சுருங்கும். மேலேயும் பற்கள் வைத்த இந்தப் பாதம் மூன்றடுக்கையும் ஒன்றாக நகர்த்துகிறது. நான் பொருத்திய நாளிலிருந்து அடித்துணியில் சுருக்கம் விழுந்தது மிக அரிது. கைக்கு அடியில் இருக்கும் இடம் குறுகல்தான், விளக்கும் மங்கல்தான். இரண்டும் பழகிவிட்டன.

அடிநூல் பழகவில்லை. அதைச் சமாளிக்க நான் கைக்கொண்டிருக்கும் வழி இது: குயில்ட்டின் நீள வரிகளுக்கு எப்போதும் முழு பாபின். பாதி தீர்ந்ததை அடுத்த பெரிய வரிக்கு நம்புவதில்லை. கழற்றித் தனி டப்பாவில் போட்டு, சதுரங்களை இணைக்கும் வேலைக்கு வைத்துக்கொள்கிறேன். ஒரு துளி நூலும் வீணாவதில்லை. அடியில் 50-ஆம் எண் நூலுக்குப் பதிலாக 60-ஆம் எண் போடுகிறேன். எண் கூடக் கூட நூல் மெலியும், அதே பாபினில் அதிகம் பிடிக்கும். கேஸின் திருகை மட்டும் ஒத்திகைத் துணியில் தைத்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே வேண்டிய பாபின்கள் எல்லாவற்றையும் சுற்றி வைத்துவிடுகிறேன். குயில்ட் மடியில் கிடக்க, பாபின் சுற்ற மேல்நூலை அவிழ்ப்பது போன்ற வேதனை வேறில்லை.

மேலிருந்து பாபினைப் போடும் மெஷின்களில் இந்தத் துன்பம் பெரும்பாலும் இல்லை. ஊசிக்கு முன்னால் கண்ணாடி போன்ற மூடி இருக்கும். துணியின் முன்பகுதியைத் தூக்கினாலே எவ்வளவு நூல் மிச்சம் என்று தெரியும். பலகையைத் தொடாமலே மாற்றலாம். கணினி வகைகள் சிலவற்றில் அடிநூல் குறைந்தால் எச்சரிக்கும் உணரியும் உண்டு. பல அலங்காரத் தையல்களைவிட அந்த ஓர் எச்சரிக்கை குயில்ட் தைப்பவருக்கு மேலானது என்று அடித்துச் சொல்வேன்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் புகழ்ச்சியின் பங்கும் குறைவில்லை என்று தெரிகிறது. இருந்தாலும் தோழிக்கு என் பதில்: படுக்கை அளவு குயில்ட்தான் உங்கள் ஆசை என்றால் இதை வாங்க வேண்டாம், விலை இன்னும் இறங்கினாலும் வேண்டாம். சதுரங்கள் இணைக்கவும் சிறு வேலைகளுக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். என்னுடையதை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.

வேறு எந்த மெஷினைப் பார்க்கப் போனாலும் ஒரு தடித்த போர்வையைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையில் இரண்டு துண்டுத் துணியைத் தைத்துக் காட்டுவார்கள். அதில் எல்லா மெஷினும் அழகாகத்தான் தைக்கும். விரிவுப் பலகையைப் பொருத்தச் சொல்லுங்கள். போர்வையைச் சுருட்டிக் கைக்கு அடியில் செருகி, நாலு விரற்கடை தைத்து, ஊசி உள்ளே இருக்கும்போதே, "இப்போது அடிநூல் தீர்ந்துவிட்டது, மாற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவர் எதையெல்லாம் கழற்றுகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.