ஜன்டோவா, மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டா?

வேலை பார்த்துக்கொண்டே அறிவை வளர்க்க நினைத்த தொழிலாளிக்கு இந்த இரண்டில் எது நல்ல இடம்? 1727இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 21 வயது அச்சுத் தொழிலாளி பெஞ்சமின் பிராங்க்ளின் தொடங்கிய ஜன்டோ என்ற விவாதக் குழுவில் மொத்தமே 12 பேர்தான். செருப்புத் தைப்பவர், தச்சர், கண்ணாடி பொருத்துபவர் என்று பெரும்பாலும் கைத்தொழில்காரர்கள். வெள்ளிக்கிழமை இரவுதோறும் கூடுவார்கள். விவாதத்துக்கான கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்து, நடுவே ஒரு கோப்பை ஒயின் குடிக்கும் நேரம் இடைவெளி விடுவார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் கட்டுரை எழுதி வாசிக்க வேண்டும். "நீ சொல்வது தப்பு" என்று முகத்துக்கு நேரே மறுத்தால் சின்ன அபராதம்! எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

தொழிலாளர்களுக்கு அறிவியல் சொல்லித்தரும் லண்டன் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் 1823இல் வந்தது. சந்தா கட்டிய தொழிலாளி யாரும் சேரலாம், 1830இல் பெண்களுக்கும் கதவு திறந்தது. ஆனால் அங்கே ஒருவர் மேடையில் பேச, மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பதுதான் பிரதானம்.

அடிப்படை அறிவியலே தெரியாதவருக்கு லண்டன்தான் சரி, ஜன்டோவில் இடம் கிடைப்பதே கஷ்டம். ஆனால் யோசிக்கவும் பேசவும் பழக வேண்டுமென்றால் என் ஓட்டு ஜன்டோவுக்கே. அந்தச் சின்னக் கூட்டம் புத்தகங்களைப் பகிர்ந்து படித்த பழக்கத்திலிருந்துதான் 1731இல் பிலடெல்பியாவின் சந்தா நூலகமே பிறந்தது.