நான்கு அடையாளமா, நான்கு வரியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கதை படித்துச் சொல்கிறோம். நான்காம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை படிக்கிற பிள்ளைகள். அடுத்த தவணைக்கு இரண்டு புத்தகங்கள் போட்டியில் நிற்கின்றன: சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் 1953இல் வந்த 'தி சில்வர் சேர்', ரிக் ரையர்டனின் பெர்சி ஜாக்சன் வரிசையில் முதலாவதான 'தி லைட்னிங் தீஃப்' (2005). இரண்டிலும் பள்ளிக்கூடத்தில் படாத பாடு படுகிற பிள்ளைகள்தான் மாயப் பயணம் புறப்படுகிறார்கள்.

புறப்படும்போது அவர்களுக்குக் கிடைப்பது என்ன என்பதில்தான் வேறுபாடு. 'தி சில்வர் சேர்' கதையில், காணாமல் போன இளவரசனைத் தேடப் போகும் ஜில் என்ற சிறுமியிடம் அஸ்லான் சிங்கம் நான்கு அடையாளங்களைச் சொல்லி, தினமும் காலையும் இரவும் சொல்லிப் பார்க்கச் சொல்கிறது. பனியில் நடந்து களைத்தபின், ராட்சதர் மாளிகையில் வெந்நீரும் மெத்தையும் கிடைக்கும் என்று கேட்டதுமே ஜில் சொல்லிப் பார்ப்பதை விட்டுவிடுகிறாள். அவளும் கூட வருபவர்களும் நான்கில் மூன்றைக் கோட்டை விடுகிறார்கள். வாசிக்கிறவர் முதல் வாரமே நான்கையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கிவிட வேண்டும். அப்புறம் ஜில் மறக்கும் இடத்தில் மண்டபமே கத்தும்.

பெர்சிக்குக் கிடைப்பதும் நான்கு வரிதான், ஆனால் அது கட்டளை இல்லை, வரப்போவதைச் சொல்லும் குறி. மறந்தாலும் நடந்தே தீரும். நண்பன் என்று சொல்லிக்கொள்பவனே காட்டிக்கொடுப்பான் என்று ஒரு வரி இருப்பதால், அதன்பின் யார் சிரித்துப் பேசினாலும் சந்தேகம் வருகிறது. கெடுவும் உண்டு: களவுபோன இடி ஆயுதம் ஜூன் 21க்குள் கிரேக்கக் கடவுள் ஜீயஸிடம் திரும்பியாக வேண்டும். லாஸ் வேகஸ் ஹோட்டலில் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு வெளியே வந்தால் ஐந்து நாள் ஓடிப்போயிருக்கும். போன் விளையாட்டில் மூழ்கும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். கர்ணன் கதை தெரிந்தவர்களுக்கு, சாமிக்குப் பிறந்து அப்பா முகம் பார்க்காமல் வளர்ந்த பையனும் புதிதில்லை.

சிக்கல் மொழியில். பெர்சி தானே கதை சொல்கிறான், அமெரிக்க நக்கலில். வாசித்துக்கொண்டே தமிழில் சொல்லும்போது பாதி நகைச்சுவை உதிர்ந்துவிடுகிறது. லூயிஸ் ஒரு பெரியவர் பிள்ளைகளிடம் பேசுவதுபோல எழுதுகிறார். தமிழில் அப்படியே உட்காரும். பனியை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜில்லுக்கு வழித்துணையாக வரும் அழுமூஞ்சி பட்லகிளம் இருக்கிறாரே, எதற்கெடுத்தாலும் கெட்டதே நடக்கும் என்பவர், அந்த மாதிரி ஒரு தாத்தா எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நார்னியா வரிசையின் 'தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' (1954) கருத்த முகமும் தலைப்பாகையும் கொண்ட நாட்டாரைக் கொடியவர்களாகக் காட்டுகிறது. அதை மண்டபத்தில் நான் வாசிக்க மாட்டேன். ஏழு புத்தகங்களையும் வரிசையாக முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது நல்லதாகப் போயிற்று. பெர்சி அப்படியில்லை, 2009இல் வந்த ஐந்தாவது புத்தகம் வரை போனால்தான் கதை அடங்கும்.

மண்டபத்துக்கு என் ஓட்டு 'தி சில்வர் சேர்'தான். பெர்சியை ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவர்களின் கையில் கொடுத்துவிடலாம். நக்கலை அவர்களே ஆங்கிலத்தில் படித்துச் சிரித்துக்கொள்வார்கள்.