பராமரிப்பு நிலுவை: உரிமையியல் வழக்கா, மக்கள் நீதிமன்றமா?

பராமரிப்புக் கட்டணத்தைக் கட்ட மறுக்கும் உரிமையாளரிடமிருந்து பணத்தை வசூலிக்க, சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அல்லது வழக்குப் போடும் முன்பே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, இரு தரப்பையும் சமரசம் பேசவைக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) போகலாம். தண்ணீர் இணைப்பைத் துண்டிப்பதை மூன்றாவது வழியாகச் சொல்பவர்களும் உண்டு. அது சங்கத்தின் மீதே தடையுத்தரவு வழக்கை இழுத்துவரும் என்பதால் அதை இங்கே பேசவில்லை. எங்கள் நிர்வாகக் குழு மக்கள் நீதிமன்றத்தைத் தேர்ந்தது. என் சாய்வும் அந்தப் பக்கமே.

வழக்கில் நீதிமன்றக் கட்டணம் ஒரு பொருட்டல்ல. தமிழ்நாட்டில் அது கோரும் தொகையில் 3 விழுக்காடு. 60,000 ரூபாய் நிலுவைக்கு 1,800 ரூபாய். வக்கீல் கட்டணமும் வாய்தாக்களும்தான் செலவை ஏற்றுகின்றன. தீர்ப்பு சாதகமாக வந்த பிறகும் எதிராளி கட்டாவிட்டால் தீர்ப்பை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு போட வேண்டும், அவர் மேல்முறையீட்டுக்குப் போனால் அங்கும் வக்கீல் வைக்க வேண்டும். வென்றவருக்கு நீதிமன்றம் வழங்கும் செலவுத்தொகை இவற்றை ஈடுகட்டுவது அபூர்வம். கலிஃபோர்னியாவில் சங்க விதிகளை அமல்படுத்தும் வழக்கில் தோற்றவர் வென்றவரின் வக்கீல் கட்டணத்தையும் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. செலவு திரும்பிவிடும் என்று நம்பி வழக்குப் போடும் அந்தத் துணிச்சல் இங்குள்ள சங்கங்களுக்குக் கட்டாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்தச் செலவுக்கு வரம்பில்லை என்பதுதான். வழக்குக்குப் போவது, லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் ஒழுங்காகக் கட்டணம் செலுத்துபவர்கள் கொடுத்த பணம். எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாத செலவுக்குப் பொதுக்குழுவில் ஒப்புதல் கேட்பது எப்படி? மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் கிடையாது. வட்டியை விட்டுக்கொடுத்து, அசலைத் தவணைகளில் வாங்க ஒப்புக்கொண்டால், சங்கத்துக்கு எவ்வளவு இழப்பு என்பது கையெழுத்திடும் அன்றே தெரிந்துவிடும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமம், அதற்கு மேல்முறையீடும் இல்லை. தவணை தவறினால் நேரே நிறைவேற்று மனுவுக்குப் போகலாம்.

ஆனால் இரு தரப்பும் ஒப்பினால்தான் இது நடக்கும். எதிராளி வராமலே இருந்துவிட்டால் மக்கள் நீதிமன்றம் தானாகத் தீர்ப்பளிக்க முடியாது. பேச்சு நீளும்போது வழக்குத் தொடர்வதற்கான மூன்றாண்டுக் காலவரம்பும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், அந்த வரம்பு முடியும் முன்பே நிலுவையை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. அந்தத் தேதியிலிருந்து காலவரம்பு புதிதாகத் தொடங்கும். அதற்கும் அவர் இசையாவிட்டால் வழக்குப் போட்டே ஆக வேண்டும். அப்போதும் நீதிமன்றம் அந்த வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பி, அங்கே சமரசம் ஏற்பட்டால், செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

இவையெல்லாம் பண நிலுவையைப் பற்றியவை. பொது இடத்தை ஒருவர் வளைத்துக் கட்டும்போது வேலையை உடனே நிறுத்தத் தடையுத்தரவு தேவை. அதற்கு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அந்த வகைச் சச்சரவில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை.