ஆங்கியோடு இரண்டு வருஷம்: அட்டையும் அட்டைப்பூச்சியும்

தினமும் காட்பாடியில் ஏறி சென்ட்ரலில் இறங்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நாலு இங்கிலீஷ் சொல்லாவது படிக்கலாமே என்றுதான் ஆங்கி செயலியை இறக்கினேன். சொல்லை அட்டை அட்டையாகக் காட்டி, மறக்கப்போகிற சமயம் பார்த்து மறுபடி கேட்கிற செயலி அது. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு கேட்கும். சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும்.

முதல் தப்பு, யாரோ போட்டு வைத்த ரெடிமேட் அட்டைக்கட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. முன்பக்கம் சொல், பின்பக்கம் ஒரு வரி அர்த்தம், அவ்வளவுதான். நாளைக்கு 20 புதுச் சொல் என்று செயலியே வைத்திருக்கும், நானும் மாற்றவில்லை, நடுவில் அக்கா கல்யாணம் என்று பத்து நாள் தொடாமல் விட்டுத் திறந்தால், திருப்பிப் பார்க்க வேண்டிய அட்டைகள் கந்துவட்டி மாதிரி குவிந்து கிடக்கிறது. இப்போது 6 தான்.

பாடமான சொல்லை 8 தடவை மறந்தால் ஆங்கி அதற்கு 'லீச்' என்று முத்திரை குத்தும். லீச் என்றால் அட்டைப்பூச்சி. அட்டையே அட்டையாகிற இந்தச் சிலேடை செயலியை எழுதியவருக்குத் தெரிந்திருக்காது. என்னை ஒட்டிக்கொண்ட அட்டை 'எனர்வேட்'. எனர்ஜி மாதிரி ஒலிக்கிறதே என்று நம்பி, ஒரு இன்டர்வியூவில் "உங்க ஆபீஸ் ரொம்ப எனர்வேட்டிங் சார்" என்று இங்கிலீஷில் பாராட்டினேன். "ஏன், ஏசி போதலையா?" என்றார் எதிரில் இருந்தவர். தெம்பை உறிஞ்சுவது என்று அர்த்தமாம். லத்தீனில் நெர்வுஸ் என்றால் நரம்பு, அதை உருவிவிட்டால் எனர்வேட்.

அன்று ராத்திரியே அர்த்தத்தை அழித்துவிட்டு, 'கத்திரி வெயில், பகல் ரெண்டு மணி, கோட்டை மைதானம்' என்று எழுதினேன். அப்புறம் மறக்கவே இல்லை. 'நாய்சம்' என்ற சொல்லும் அப்படித்தான், சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, குமட்டுகிற நாற்றம். அந்த அட்டையில் இருப்பது ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைப் பக்கம் பஸ் ஜன்னலை இழுத்து மூடும் கை. 'சாங்ஷன்' மட்டும் ஒரே அட்டையில் அடங்கவில்லை, பேங்க் லோனுக்கு அது அனுமதி, ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் போட்டால் தடை. இரண்டு அட்டை போட்டேன்.

பேச்சுக்குப் பெரிதாக உதவவில்லை, அதை ஒளிக்க வேண்டாம். தலையங்கம் படிக்கும்போதுதான் பலன் தெரிகிறது, அகராதியைத் தேடுவது குறைந்திருக்கிறது. ரெடிமேட் கட்டைப் போன மாதம் மொத்தமாக அழித்துவிட்டேன், நானே எழுதிய 340 மட்டும் இருக்கிறது. 'யுபிக்விடஸ்', அதாவது எங்கே பார்த்தாலும் இருப்பது, அதற்கு இன்னும் சரியான வரி அமையவில்லை. ஆம்பூர் பிரியாணி போர்டு என்று எழுதிவிடலாமா என்று பார்க்கிறேன்.